சாமிசேலை டாட் காம்

இளம்பிள்ளைக் கடைவீதியில் யாரையாவது நிறுத்திக் கயல்விழியின் வீடு எது என்று கேட்டால், "கம்ப்யூட்டர் அக்கா ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். கரண்ட் பில் கட்ட, ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த, பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட என்று தெருவே அவளிடம் வரும். அவள் யாரிடமும் காசு வாங்கியதில்லை. வந்தவர்கள் போகும்போது, "உங்களுக்குத் தெரியாதது எதுங்க்கா இருக்குது?" என்று சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையிலேயே அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

அவள் மல்லசமுத்திரம் பக்கத்துப் பெண். அப்பா லாரி ஓட்டினார். சேலத்தில் பி.காம். முடித்தவளை இளம்பிள்ளையில் கட்டிக்கொடுத்தபோது கணவன் சந்திரசேகரிடம் நான்கு விசைத்தறிகள் இருந்தன. முதலாளி கொடுக்கும் பாவு நூலைத் தறியில் ஓட்டி, சேலையை மடித்துக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கூலி வாங்கி வருவதோடு அவன் வேலை முடிந்துவிடும். அந்தச் சேலையைப் போனில் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டு, திருப்பூருக்கும் சென்னைக்கும் நாமே அனுப்பலாம் என்று சொன்னவள் கயல்விழி. தெருவில் முதன்முதலாகக் கூரியர் வண்டி வந்து நின்றது அவள் வீட்டு வாசலில்தான்.

பார்சல் கட்ட ஆள் வேண்டியிருந்தபோது அடுத்த தெருவிலிருந்து தனப்பிரியா வந்தாள். அவள் கணவன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தான். வருஷத்தில் பாதி நாள் ஆந்திராவில்தான் கிடப்பான். தனப்பிரியா அதிகம் படிக்கவில்லை. ஆனால் வாய் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் கயல்விழிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாடிக்கையாளர் ஒருவருக்கு வீடியோ காலில் சேலை காட்டச் சொல்லித் தனப்பிரியாவிடம் போனைக் கொடுத்தாள். "வாங்க சாமி. இந்த முந்தியப் பாருங்க சாமி. உங்க நெறத்துக்கு இது எடுக்காது சாமி, இதை உட்ருங்க" என்று அவள் பேசிய பேச்சில் அந்தப் பெண்மணி இரண்டு சேலை எடுத்தாள். மறுநாளிலிருந்து அழைப்பவர்கள் எல்லாம் அந்தச் சாமி அக்காவைக் கேட்டார்கள்.

தனப்பிரியா சொல்லாமல் கொள்ளாமல் போகவில்லை. வெற்றிலை பாக்கும் பழமும் கொண்டுவந்து வைத்து, "தனியாப் பண்ணிப் பாக்கலாம்னு இருக்குதுங்க்கா. நீங்க சரின்னாத்தான்" என்றாள். கயல்விழியும் சரி என்றாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். தனப்பிரியா தன் யூடியூப் சேனலுக்குச் 'சாமிசேலை' என்று பெயர் வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைவ் போட்டால், மலேசியாவில் இருப்பவர்கள்கூட வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்க்கிற அளவுக்கு அது வளர்ந்தது. தெருவில் யாராவது அதைப் பற்றிப் பேசினால் கயல்விழி, "எங்கூட்டுல பார்சல் கட்டுன புள்ளதானே" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லி முடித்ததும் வாய்க்குள் கசக்கும்.

தனப்பிரியாவிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும் என்ற நினைப்பில்தான் வெப்சைட் ஆசை வந்தது. யாருக்கும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லாமல் தானே செய்வது என்று முடிவு கட்டினாள். முதல் வேலை, பெயரைப் பதிவு செய்வது. மத்தியானம், தறிச் சத்தம் வீட்டையே ஆட்டிக்கொண்டிருக்க, மடிக்கணினியின் முன் உட்கார்ந்து 'கயல் சில்க்ஸ்' என்று தட்டினாள். ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். 'கயல் சாரீஸ்' என்று தட்டினாள். அதுவும் போயிருந்தது. யார் எடுத்தார்கள் என்று போய்ப் பார்த்தால் அங்கே கடையே இல்லை. வெறும் பக்கத்தில், இந்தப் பெயர் விற்பனைக்கு என்று மட்டும் எழுதியிருந்தது.

"பாத்தீங்களா இந்த அநியாயத்த?" என்று கணவனிடம் கத்தினாள். "கடையும் வெக்காம, பேரை மட்டும் புடிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. இவனுங்கெல்லாம் மனுசங்களா?"

சந்திரசேகர் நூல் அறுந்த தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "வேற பேரு வெய்யி" என்றான்.

கடைசியில் 'கயல் இளம்பிள்ளை' என்று ஒன்று, டாட் இன்னில் கிடைத்தது. அடுத்து ஹோஸ்டிங். பெயர் என்பது கடைப் பலகை, ஹோஸ்டிங் என்பது பலகையை மாட்டுகிற கட்டடம், பலகையை மட்டும் வாங்கி வானத்தில் தொங்கவிட முடியாது என்று சந்திரசேகருக்கு விளக்கினாள். எந்தக் கம்பெனியில் இடம் எடுப்பது என்று ஒரு வாரம் முழுக்கப் பார்த்தாள். முதல் வருஷம் சல்லிசாகக் காட்டிவிட்டுப் புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு கேட்பவர்களை ஒதுக்கினாள். சேலைப் படங்கள் நிறைய இருப்பதால் பக்கம் திறக்க நேரமாகக்கூடாது, அதனால் சர்வர் வெளிநாட்டில் இல்லாமல் மும்பையில் இருப்பதாகத் தேடினாள். தளம் பாதுகாப்பானது என்று காட்டுகிற பூட்டு அடையாளத்துக்குத் தனியாகக் காசு பிடுங்காதவனாக, போன் போட்டால் ஒரு மனுஷன் எடுத்துப் பேசுகிறவனாக ஒருவனைக் கண்டுபிடித்தாள். இதையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டதில் அவளுக்கு உள்ளபடியே பெருமையாக இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஒரு வருஷத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் திரையில் ஒரு கட்டம் வந்தது. இந்தத் திட்டத்துடன் உங்களுக்கு ஒரு பெயர் இலவசம், விரும்பியதைத் தேடுங்கள் என்றது. அவளுக்கு வேண்டிய பெயரைத்தான் அவள் முன்பே வாங்கிவிட்டாளே. வேண்டாம் என்று கீழே இருந்த பொத்தானை அழுத்தியிருக்கலாம். அவள் விரல்கள் 'சாமிசேலை' என்று தட்டின. பச்சை நிறத்தில், கிடைக்கிறது என்று வந்தது. டாட் காமே கிடைத்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனப்பிரியாவுக்கு இதெல்லாம் தெரியாது. நாளைக்கே எவனாவது பிடித்து வைத்துக்கொண்டு, விற்பனைக்கு என்று எழுதிப் போடுவான். நாம் எடுத்து வைத்தால் பத்திரமாக இருக்கும், அவள் கேட்கும்போது கொடுத்துவிடலாம். இப்படி நினைத்துத்தான் அந்தப் பெயரை எடுத்தாள். எடுத்தவுடன் போன் போட்டு, "தனம், உம்பட பேரை எடுத்து வெச்சிருக்கறேன்" என்று சொல்லியிருந்தால் அந்த நினைப்பு உண்மையாகியிருக்கும். போன் பக்கத்திலேயேதான் கிடந்தது. அவள் எடுக்கவில்லை.

ஆவணி முடிவதற்குள் வெப்சைட் தயாராகிவிட்டது. பார்க்கத்தான் ஆள் வரவில்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற பக்கத்தைத் தினமும் காலையில் திறப்பாள். வந்தவர்களில் ஒருவர் அவள், இன்னொருவர் சந்திரசேகர். தீபாவளிச் சரக்கு அறையில் மடித்து அடுக்கியபடி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை லைவில் தனப்பிரியா, "சாமிசேலைன்னு தேடுங்க சாமி, நாங்க வந்து நிப்போம்" என்று சொல்வதைக் கேட்டாள். கேட்டுவிட்டு ஹோஸ்டிங் பக்கத்துக்குள் போனாள். ஒரு பெயரைத் தட்டினால் வேறொரு தளத்துக்குத் திருப்பிவிடுகிற வசதி அதில் இருந்தது. சும்மா, வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, சாமிசேலை டாட் காம் என்று தட்டுகிறவர்கள் தன்னுடைய தளத்தில் வந்து இறங்கும்படி திருப்பிவிட்டாள்.

மறுநாளே ஆர்டர்கள் வந்தன.

அவள் ஒன்றும் தாழ்ந்த சரக்கை அனுப்பவில்லை. சொல்லப்போனால் முன்பைவிடக் கவனமாக, மடிப்புக்கு மடிப்பு பார்த்து, நல்லதாக எடுத்து அனுப்பினாள். ஆனால் ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும் போனில் டிங் என்று சத்தம் கேட்கும். கேட்டதும் யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பாள். சந்திரசேகர் ஒருநாள், "யாவாரம் நெம்ப ஓடுதாட்ட இருக்குது" என்றான். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவனிடம் அவள் சொல்லவே இல்லை.

ஒருநாள் சேலம் கோட்டைப் பகுதியிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். பெயர் ஷரீஃபுன்னிசா. வெப்சைட்டில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்.

"சாமிசேலை தானேம்மா? நம்ம தனப்பிரியா கடைதானே?"

கயல்விழி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த மூச்சு விடுவதற்குள் அந்தம்மா மேலே பேசிக்கொண்டே போனார்.

"எம் பொண்ணு நிகத்துக்கு நிக்காஹ் வெச்சிருக்கு. சம்பந்தி வீட்டுக்கும் சேத்துச் சேலை எடுக்கணும். வேற கடைக்குப் போக மனசு வரலம்மா. போன ரம்ஜானுக்கு எங்கம்மாவுக்கு நான் பெரிய பட்டுச் சேலையாக் கேட்டேன். தனப்பிரியாதான், வேணாஞ் சாமி, வயசானவங்களுக்குக் கனமா இருக்கும், காட்டன் எடுங்கன்னு வெலை கம்மியானதை எடுத்துக் குடுத்துச்சு. அம்மா அன்னைக்கு முழுக்க அதைக் கழட்டவே இல்ல. பொறவு ஒரு மாசத்துல போயிட்டாங்க. கடைசிப் பெருநாள் அது." அந்தம்மாவின் குரல் உடைந்து, திரும்பச் சேர்ந்தது. "அதுல இருந்து எங்களுக்கு அந்தக் கடைதான். அவங்க கடைதானே இது?"

"ஆமாங்கம்மா" என்றாள் கயல்விழி.

சொன்னபிறகு காது சுட்டது. போனை வைத்துவிட்டு அறைக்குள் போய், இருப்பதிலேயே நல்ல சேலைகளாகத் தேடித் தேடி எடுத்தாள். ஒன்றில் ஜரிகை ஓரம் லேசாகப் பிசிறியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுத்தாள். மணப்பெண்ணுக்கு என்று தன் பங்காக ஒரு சேலையைக் கூடுதலாக வைத்தாள். பெட்டியைக் கட்டி டேப் ஒட்டும்போதும் அந்தச் சூடு போகவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துத் தனப்பிரியாவே வந்தாள். கையில் ஒரு தூக்குப்போசி நிறைய முறுக்கு.

"அக்கா, எனக்கும் ஒரு வெப்சைட்டு போட்டுக் குடுங்க. எல்லாரும் கேக்கறாங்க. சேலத்துல ஒருத்தரைக் கேட்டா ஹோஸ்டிங்குங்கறாரு, டொமைனுங்கறாரு, எனக்கு ஒரு எழவும் புரியல. நீங்க இருக்கும்போது நான் ஏனுங்க்கா அங்க போகோணும்?"

நாற்காலியை இழுத்துப்போட்டுக் கயல்விழியின் பக்கத்தில், தோளோடு தோள் படுமாறு உட்கார்ந்தாள். கயல்விழிக்கு வேறு வழி இல்லை. பெயர் தேடும் பக்கத்தைத் திறந்து, 'சாமிசேலை' என்று மெதுவாகத் தட்டினாள். சிவப்பில் பதில் வந்தது.

"என்னங்க்கா போட்டிருக்குது?"

"போயிருச்சு தனம். யாரோ எடுத்துட்டாங்க."

தனப்பிரியா திரையையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "என்னைய மாதிரியே சாமி சாமின்னு கூப்புடறவ வேற எவளோ இருக்கறாளாட்ட இருக்குது. பாவம், அவளும் சேல யாவாரமா இருக்கும். ஏனுங்க்கா, யாருன்னு கண்டுபுடிச்சுக் கேட்டா குடுத்துருவாங்களா?"

"யாருன்னு பாக்க முடியாது. பேரை மறைச்சு வெச்சிருக்கறாங்க."

அது உண்மைதான். மறைத்து வைத்தவளே சொன்ன உண்மை.

"செரி, அவங்க கடை எப்பிடி இருக்குதுன்னாச்சும் பாக்கலாம்" என்று தனப்பிரியா தன் போனை எடுத்து, சாமி என்று தட்ட ஆரம்பித்தாள்.

"அதையத் தட்டாத!" என்றாள் கயல்விழி. குரல் உயர்ந்துவிட்டது. "தெரியாத பேரையெல்லாம் தட்டுனா வைரஸ் வந்துரும். போனுல இருக்கறதெல்லாம் போயிரும்."

தனப்பிரியா தீயைத் தொட்டவள் போலப் போனை மடியில் போட்டாள். "நல்லவேளை சொன்னீங்க. கஸ்டமர் நம்பரெல்லாம் இதுலதான் இருக்குது" என்று சொல்லிக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அதோடு அதைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டாள். வேறு பெயர் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். முறுக்கைத் தட்டில் கொட்டி வைத்துவிட்டு, "போயிட்டு வாரேங்க்கா" என்று எழுந்து போனாள்.

ஒரு வார்த்தை. வைரஸ் வரும் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இத்தனை பேர் நம்பும் ஒரு வியாபாரி விரலை இழுத்துக்கொண்டாள் என்றால், சொன்னவள் கம்ப்யூட்டர் அக்கா என்பதுதான் காரணம். கயல்விழி ஒரு முறுக்கைக்கூட எடுத்து வாயில் வைக்கவில்லை. அப்போதே மடிக்கணினியைத் திறந்து, திருப்பிவிட்டதை நீக்கிவிட்டுப் பெயரைத் தனப்பிரியாவிடம் கொடுத்துவிடுவது என்று உறுதியாக நினைத்தாள். பக்கத்தைத் திறந்தும்விட்டாள். நீக்கு என்ற பொத்தானின் மேல் அம்புக்குறி நின்றது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆர்டர் வந்தது. ஈரோட்டிலிருந்து, மொத்தமாக. தீபாவளி முடியட்டும் என்று நினைத்து மூடிவைத்தாள்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தனப்பிரியாவின் லைவ் ஆரம்பித்திருந்தது. கயல்விழி அடுப்பில் பால் வைத்துவிட்டு, மேடையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் அதைப் பார்க்காமல் விட்டதில்லை. தனப்பிரியா மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே, கீழே ஓடுகிற செய்திகளை வாசித்தாள்.

"ஷரீஃபுன்னிசாம்மா வந்திருக்கறாங்க. வாங்க சாமி, நல்லா இருக்கறீங்களா? என்ன எழுதியிருக்கறாங்கன்னா... 'உங்க வெப்சைட்ல எடுத்த கல்யாணச் சேலை எல்லாம் வந்துடுச்சு, ரொம்ப நல்லா இருக்கு'ன்னு..." வாசித்தவள் நிறுத்தினாள். "எனக்கு வெப்சைட்டே இல்லீங்களே சாமி."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. கயல்விழி அதை அணைக்கவில்லை.

சாமிசேலை டாட் காமில்தான் எடுத்தேன், போனில்கூடப் பேசினேன், உங்கள் கடைதான் என்று சொன்னார்களே என்று அந்தம்மா எழுதினார். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைத் தட்டினார்கள். 'ஓப்பன் ஆகுது' என்றார் ஒருவர். 'கயல்னு வேற பேர் வருது' என்றார் இன்னொருவர். 'இது ஏமாத்து வேலை', 'போலீஸ்ல சொல்லுங்க', 'நானும் அதுலதான் எடுத்தேன்' என்று செய்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"இருங்க சாமி" என்று தனப்பிரியா பக்கத்தில் இருந்த இன்னொரு போனை எடுத்தாள். இந்த முறை வைரஸுக்குப் பயப்படவில்லை. தட்டினாள். தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. வகிடு மட்டும் தெரிந்தது. அந்தத் தளத்தின் முதல் பக்கத்தில் கயல்விழி தறிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற படம் இருக்கிறது. அந்தப் படத்தைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று கயல்விழிக்குத் தெரிந்தது. இப்போது தலையை நிமிர்த்துவாள், நிமிர்த்தி என் பெயரைச் சொல்லுவாள், ஊர் உலகம் முழுக்கக் கேட்கும் என்று நினைத்தாள். மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

தனப்பிரியா நிமிர்ந்தாள்.

"அது நம்ம கயல் அக்கா கடைங்க சாமி" என்றாள். "எங்க ஊருதான். நான் பார்சல் கட்டுனதே அவங்க ஊட்டுலதான். சரக்கு நல்லா இருக்கும், ஒண்ணும் பயமில்ல. ஷரீஃபுன்னிசாம்மா, நிகத்துப் பாப்பாவைச் சந்தோசமாக் கட்டிக்கச் சொல்லுங்க." பிறகு மயில்கழுத்துச் சேலையை மறுபடி கையில் எடுத்தாள். அதன் விலையைச் சொல்லும்போது தடுமாறி, இரண்டு முறை சொன்னாள்.

வாசனை வந்து ஓடிவந்த சந்திரசேகர் அடுப்பை அணைத்தான். "என்னாச்சு?" என்றான். கயல்விழி சொன்னாள். நின்றபடியே, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. தறிக்குப் போகிறவன் போலத் திரும்பினான். "அந்தப் புள்ள மூஞ்சியில நான் இனி எப்பிடி முழிப்பேன்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

திருப்பிவிட்டதை நீக்க நான்கு சொடுக்கல் போதும். அன்றைக்குக் கடவுச்சொல்லே தப்புத் தப்பாக விழுந்தது. நீக்கிவிட்டு, லைவ் முடிகிற வரைக்கும் காத்திருந்து, தனப்பிரியாவின் வீட்டுக்கு நடந்தாள். தெருவில் இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

தனப்பிரியா தரையில் உட்கார்ந்து, காட்டின சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்றாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை.

"தனம், நான் உனக்குக் குடுக்கலாம்னுதான் எடுத்து வெச்சேன்..." என்று கயல்விழி ஆரம்பித்தாள். அந்த வாக்கியம் தன் காதிலேயே நாறியது. நிறுத்திக்கொண்டாள். "இல்ல. பொறாமையிலதான் எடுத்தேன். தப்பு பண்ணிட்டேன்."

தனப்பிரியா மடிப்பை நீவினாள். "அன்னிக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேனுங்களே. அப்பச் சொல்லியிருக்கலாமுங்களே. வைரஸ் வரும்னீங்க."

தனப்பிரியா அந்தச் சேலையை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நானும் அதைய நம்பி, அந்தப் பேரைத் தட்டிராதீங்கன்னு நாலு பேருக்குச் சொன்னேன்."

"லைவுல நீ என்னையக் காட்டிக் குடுத்திருக்கலாம் தனம். நீ..."

"உங்களுக்கோசரம் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க." முதல் தடவையாகத் தனப்பிரியா ஏறிட்டுப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "அந்தம்மா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த சேலை. ஏமாந்து வாங்குன சேலைன்னு நெனச்சுட்டு அந்தப் பொண்ணு மணையில உக்காரக்கூடாது. அதுக்குத்தான் சொன்னேன். ஏனுங்க, அந்தப் பேரை எப்பிடி மாத்தறதுன்னு எழுதி அனுப்புங்க. சேலத்துல ஒருத்தர் இருக்கறாரு, அவரை வெச்சுப் பாத்துக்கறேன்."

அக்கா என்ற சொல் அதில் இல்லை. கடைவீதியில் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, 'ஏனுங்க' என்றாள். கயல்விழி அன்றைக்கு எதற்கும் அழவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு, திரும்பி நடந்து வரும்போது, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெயரை இன்னொருவர் கணக்குக்கு மாற்றுவதற்கு, கம்பெனி அதற்குப் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து ஒரு ரகசியக் குறியீடு எடுக்க வேண்டும். கயல்விழி எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. சில நாளில், மாற்றம் முடிந்தது என்று கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கார்த்திகையில் சாமிசேலை டாட் காம் அதற்கு உரியவளின் படத்தோடு திறந்தது. ஹோஸ்டிங் எங்கே எடுத்திருக்கிறாள் என்று பார்க்கக் கயல்விழிக்குத் தெரியும், பார்த்தாள். தான் முதலிலேயே வேண்டாம் என்று ஒதுக்கிய, புதுப்பிக்கும்போது மூன்று மடங்கு கேட்கிற கம்பெனி. சொல்ல நினைத்தாள். இனி அதைச் சொல்கிற வாய் தனக்கு ஏது என்று விட்டுவிட்டாள்.

தெருக்காரர்கள் யாரும் முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்கவில்லை. வருவதும் அடியோடு நின்றுவிடவில்லை, குறைந்தது. எதிர்வீட்டுக் காளியாத்தாள் ஒருநாள் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வந்தார். முன்பெல்லாம் போனை அப்படியே கையில் திணித்துவிட்டு, "நீயே எல்லாம் பாத்துப் பண்ணு சாமி" என்று சுவரில் சாய்ந்துகொள்கிறவர். அன்றைக்கு ஓ.டி.பி. வந்ததும் போனைத் தன் பக்கம் திருப்பி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "நானே அமுத்தறேன் சாமி" என்று ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தினார். கயல்விழி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள். அவர் முடிப்பதற்கு நெடுநேரம் ஆனது.

ஷரீஃபுன்னிசாவிடம் மட்டும் அவள் நேராகப் பேசியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பேசினால் அந்தம்மாவுக்கு மனசு கெடும் என்று தள்ளி வைத்தாள். பயமும் இருந்தது. நிக்காஹ் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு, ஒரு காலையில், தறி ஓடாத நேரமாகப் பார்த்துப் போன் செய்தாள்.

"அம்மா, நான் இளம்பிள்ளை கயல்விழி பேசறேனுங்க. அன்னிக்கு நீங்க போன் பண்ணும்போது தனப்பிரியா கடையான்னு கேட்டீங்க. நான் ஆமாங்கன்னு சொன்னேன். அது பொய்யிங்கம்மா. என்னைய மன்னிச்சுக்கோங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"சேலை நல்ல சேலைதாம்மா" என்றார் ஷரீஃபுன்னிசா. "அதைக் குத்தம் சொன்னா அல்லாஹ் பொறுக்க மாட்டான். நிகத்து வலீமா விருந்துக்கு அதுல ஒண்ணைத்தான் கட்டுனா. எல்லாரும் கேட்டாங்க, எங்க எடுத்ததுன்னு."

"நெம்பச் சந்தோசமுங்கம்மா."

"ஆனா ஒண்ணு." அந்தம்மாவின் குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. "அன்னைக்கு எங்கம்மாவைப் பத்தி உங்கிட்ட சொன்னேன்ல. கடைசிப் பெருநாள், காட்டன் சேலை, அதெல்லாம். அது தனப்பிரியா வீட்டு மனுசங்கன்னு நெனச்சு சொன்னதும்மா. உங்கிட்ட சொல்லணும்னு சொன்னது இல்ல."

கயல்விழி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.

"சரி, வெச்சிரட்டா? வீட்ல விருந்தாளிங்க இருக்காங்க" என்று சொல்லி அந்தம்மா வைத்துவிட்டார்.

சந்திரசேகர் கையில் எண்ணெய்த் துணியோடு வாசலில் நின்றிருந்தான். "யாரு போனுல?"

"சேலத்துல, ஒரு கஸ்டமருங்க."

"சேலை புடிச்சிருந்ததாமா?"

"புடிச்சிருந்ததாமுங்க" என்றாள் கயல்விழி. அவன் போய்த் தறியைப் போட்டான்.